சொந்த இடமும் இருக்கிற இடமும்

இலங்கையின் வடக்கே, போரில் சனம் இடம்பெயர்ந்த வன்னியில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் இரண்டு கேள்வி வரும். "எங்க இருக்கிறியள்?", "சொந்த இடம் எது?" இரண்டுக்கும் ஒரே ஊரைச் சொல்லக்கூடியவர்கள் எங்களுக்குள் கொஞ்சப் பேர்தான். அந்த இரண்டு ஊருக்கும் இடையில் கிடக்கிற தூரம் உடம்பிலும் தெரியும்: நித்திரையில், பசியில், பிள்ளைகளோடு எரிந்து விழுவதில்.

1950களின் கடைசியில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில் வெஸ்ற் என்ட் என்ற குடியிருப்பை இடித்து, இருந்தவர்களை எழுப்பினார்கள். அவர்களை ஆராய்ந்த மார்க் ஃபிரைட் 1963இல் எழுதியது இதுதான்: வீட்டை இழந்தவர் படுகிற துயரம், ஆளை இழந்தவர் படுகிற துயரத்தைப் போன்றது. இரண்டு வருடம் கழிந்தும் பலருக்கு அது ஆறவில்லை. அங்கே செல் (எறிகணை) விழவில்லை. இங்கே போரில் ஊர் ஊராக ஓடி, 2009இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள் நாங்கள். அந்த முகாமை மூடியது 2012 செப்டெம்பரில். என்ன சமைப்பது, எப்போது குளிப்பது, யாரை உள்ளே கூப்பிடுவது, ஒன்றும் எங்கள் கையில் இருக்கவில்லை. வீடு மனதைத் தேற்றுவது சுவரால் அல்ல. இதையெல்லாம் நானே தீர்மானிக்கிறேன் என்ற உரிமையால். வீடு கிடைத்த பிறகும் நிம்மதி வராத இடங்களில், அந்த உரிமை எங்கே தடைப்பட்டது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கடனிலிருந்து தொடங்கலாம். மீள்குடியேறியவர்களுக்கு இந்திய அரசு காசு கொடுத்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, ஏறக்குறைய 550 சதுர அடி என்று இருந்தது. கட்டியது பயனாளியே என்பது அதன் நல்ல பக்கம். ஆனால் அத்திவாரம் வெட்டும்போது 'இன்னொரு அறை போடுவம்' என்று 800 சதுர அடிக்கு இழுத்தால் பரப்பு 45 வீதம் கூடிவிடும். காசு கூடாது. நகை அடைவுக்குப் போகும், கூரை மட்டத்தில் வேலை நிற்கும், யன்னல் வாசலில் சாக்குத் தொங்கும். முடியாத வீட்டைத் தினமும் பார்த்துக்கொண்டு அதற்குள்ளேயே படுப்பது பெரிய பாரம். சிறிதாகக் கட்டி, பிறகு பத்தி (சாய்ப்புக் கூரை) இறக்க இடம் விடுங்கள். தாழ்வாரத்தை 9 அடி உயரத்தில் வைத்தால், 8 அடி பத்திக்கு 2 அடி சரிவு கொடுத்தும் வெளி விளிம்பில் 7 அடி மிஞ்சும். நிமிர்ந்து நடக்கலாம்.

குசினிக்கு வருவோம். கல்வீட்டுக்குள் குசினி இருக்க, பின்பக்கத்தில் கிடுகுக் கொட்டில் போட்டு விறகில் சமைப்பவர்களைப் பார்த்து 'இந்தச் சனம் திருந்தாது' என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் சொல்வதுண்டு. அது பிழை. விறகுப்புகை சின்ன அறைக்குள் நிற்கும், சுவர் கறுக்கும், கண் எரியும். அதைவிட, குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவோடு கதைக்கிற இடம் அந்தக் கொட்டில்தான். கொட்டிலைத் தென்கிழக்கில் போடுங்கள். சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். இரண்டு காற்றிலும் தென்கிழக்கு மூலைப் புகை வீட்டுக்குள் போகாமல் பக்கத்தால் போய்விடும். முன்னோர் அதை அக்கினி மூலை என்று வைத்ததில் காரியம் இருக்கிறது.

அதிகம் பேசப்படாதது பங்கர், செல்லடிக்குப் பதுங்க வெட்டிய கிடங்கு. ஒவ்வொரு வளவிலும் ஒன்று இருந்தது. பனங்குற்றி அடுக்கி, கூறைச்சேலையைக்கூடக் கிழித்துத் தைத்த மண்மூட்டையால் மூடியது. மீள்குடியேறிய பிறகு அதை என்ன செய்வது என்பது மண்வேலை மட்டுமில்லை. வெட்டியவரும் அதற்குள் இருந்தவரும் சம்மதிக்காமல், அவர்கள் இல்லாத நாளில் உதவி என்று நினைத்து மூடிவிடாதீர்கள். அதற்குள் உயிர் போன வீடென்றால் விளக்கு வைக்க, ஒரு பிடி பூப் போட அவர்களுக்கு நேரம் வேண்டும். இப்போதைக்கு மூட மனமில்லை என்றால் சுற்றிவரக் கம்பு நட்டு அடையுங்கள். மாரியில் தண்ணீர் நிறைந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து.

மூடுவதென்றால், முதலில் இரும்பாக, தெரியாத பொருளாக ஏதும் கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். அடையாளம் வைத்துவிட்டு விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். அது இல்லையென்று உறுதியான பிறகு குற்றிகளை வெளியே எடுக்க வேண்டும். குற்றியை உள்ளேயே விட்டு மேலே மண் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. கறையான் தின்று உள்ளே பொந்து விழும், இரண்டாம் மாரியில் நிலம் திடீரென இறங்கும். பழைய கிடங்கு திரும்ப வாய் திறக்கிறதைக் கண்டு பதறிப்போன ஆக்கள் உண்டு. 8 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி ஆழமென்றால் 160 கன அடி. மண் இறுகுவதால் கால்வாசி கூட்டிக் கொள்ளுங்கள்: 200 கன அடி, அதாவது 2 கியூப். அரை அடி மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசால் இடித்து, அடுத்த அரை அடி. கடைசியில் நிலமட்டத்துக்கு மேலே அரை அடி குவித்து விடுங்கள், மாரியில் அது தானே இறங்கும். அந்த இடத்தில் சுவர் எழுப்பாமல் வாழை வையுங்கள்.

தகரக் கூரைக்கு மேலே தென்னை சாய்ந்திருந்தால் மட்டையை, தேங்காயை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். நடுச்சாமத்தில் தகரத்தில் விழுகிற ஒரு தேங்காய் செல் சத்தத்தை நினைவூட்டி, வீட்டிலுள்ள எல்லோரையும் எழுப்பிவிடும். தகரத்துக்கு மேலே கிடுகு வேய்ந்தால் சத்தமும் சூடும் குறையும். அதற்குப் பிறகும் கிழமைக்கணக்காக நித்திரை இல்லை, திடுக்கிட்டு எழும்புகிறார் என்றால் மாவட்ட ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

காணிப் பெமிற்றில் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) யாருடைய பெயர், பின்னுரித்தாளர் (அடுத்து உரிமை பெறுபவர்) யார் என்று இந்தக் கிழமையே எடுத்துப் பாருங்கள். இறந்தவரின் பெயரிலேயே கிடக்கிற பெமிற், சகோதரங்களைக் கோட்டுக்கு இழுக்கும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களில் பலருக்குக் காணிக்கு எந்த எழுத்துமே இல்லை. எழுப்பி விடுவார்களோ என்ற பயம் இருக்கிற மண்ணில் ஒருவர் மாமரம் வைக்க யோசிப்பார்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக ஒரு அறையை, ஒரு கட்டிலை அப்படியே வைத்திருக்கிற அம்மாவிடம் 'எடுத்து வையுங்கோ' என்று சொல்லாதீர்கள். பிள்ளை தேடி வருகிற இடம் அதுதான் என்று இருப்பவர் அவர்.

வேலி அடைப்பதென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையோடு கிளுவை அல்லது பூவரசங் கதியால் (வேர்விட்டு உயிர்வேலியாகிற தடி) நடுங்கள். 6 அடிக் கதியால், ஒரு அடி மண்ணுக்குள். நுனியைச் சரித்து வெட்டுங்கள், தண்ணீர் தங்கினால் அழுகும். அடிப்பட்டை உரியாமல் பாருங்கள், உரிந்தால் வேர் பிடிக்காது. மதில் கட்ட வசதி வந்தாலும், பக்கத்து வளவுக்குப் போகிற வேலிப் பொட்டை (ஆள் நுழைகிற இடைவெளியை) மட்டும் அடைத்துவிடாதீர்கள். சீனி கேட்டும், காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கவும், ஒரு செத்தவீட்டுச் செய்தி சொல்லவும் ஆள் வருகிற வழி அது. இரண்டு அடி அகலம் போதும், இடுப்பில் குடத்தோடு ஒருத்தி நுழைகிற அளவு.