எங்கள் தெருவின் மழைநீர் யாருடைய பொறுப்பு? – புறநகர் நாட்குறிப்பு

9 அக்டோபர் 2024, புதன்

பருவமழைக்கு முந்தைய தூர்வாரும் பணி இன்று எங்கள் தெருவுக்கு வந்தது. நகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள் வடிகாலை மூடியிருந்த சிமெண்ட் பலகைகளைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, உள்ளே படிந்திருந்த கறுத்த சகதியை மண்வெட்டியால் வாரிக் கரையில் குவித்தார்கள். பால் கவர்களும் தேங்காய் மட்டைகளும் வந்தன. எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது, வீடு கட்டுபவர்கள் சாலையோரம் கொட்டி வைத்துப் பின்பு மழையில் கரைந்து வடிகாலுக்குள் இறங்கிய எம்-சாண்ட் மணல்தான். பணியாளர்களில் பாதிப்பேருக்குத்தான் கையுறை இருந்தது. பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத பகுதி இது என்பதால், கழிவுநீர் லாரிக்குப் பணம் கொடுக்க மனமில்லாத சில வீட்டார் கழிவுநீர்த் தொட்டியின் குழாயை இரவோடிரவாக மழைநீர் வடிகாலில் இணைத்திருக்கிறார்கள். அந்தக் கழிவை வெறுங்கையால் அள்ளும் நிலை எந்த மனிதருக்கும் வரக் கூடாது. மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் நகராட்சி ஆணையருக்கு நாளையே கடிதம் எழுதப்போகிறேன்.

மாலையில் வேலை தெருமுனையில் நின்றுவிட்டது. அங்கே எங்கள் வடிகால் பிரதான சாலையின் அடியில் உள்ள சிறுபாலத்தின் வழியாக மறுபுறம் போகிறது. "இதுக்கு மேல ஹைவேஸ் சார், நாங்க கை வைக்க முடியாது" என்றார் மேற்பார்வையாளர். சிறுபாலத்தின் வாயில் முக்கால் பங்கு மண்ணால் அடைந்திருந்தது.

15 அக்டோபர், செவ்வாய்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வு மையம் இன்று அறிவித்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு நாளை சிவப்பு எச்சரிக்கை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள். வெள்ளத்தில் மூழ்காமலிருக்க வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதைப் பலர் வேடிக்கையாகப் பேசுகிறார்கள்; என்னால் அப்படிப் பேச முடியவில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடிவரை தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிற்பகலில் தெருமுனையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. தூர்வாரிய வடிகால் தன் வேலையைச் செவ்வனே செய்து, எல்லா நீரையும் கொண்டுபோய் அடைபட்ட சிறுபாலத்தின் வாயில் சேர்த்திருந்தது.

17 அக்டோபர், வியாழன்

காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. நேற்று அஞ்சிய அளவுக்கு மழை இல்லை. இந்த இடைவெளியில், எங்கள் தெருவில் எது எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. எல்லைக்கு வெளியே இருக்கும் எங்களைப் போன்ற ஊர்களில், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மொத்தமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிவரை சேர்க்கும். அதை வீடுவீடாகப் பங்கிடுவது நகராட்சி. தெருவிளக்கில் கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரியும் விளக்கு நகராட்சியுடையது. தெரு நகராட்சிக்கு, பிரதான சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு. ஏரியும், நிரம்பிய நீர் வழிந்தோடும் அதன் கலங்கலும் 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிக்கப்பட்ட நீர்வளத் துறைக்கு. அந்த ஏரிக்குப் போகும் ஓடையின் எல்லை எதுவரை என்று சொல்லக்கூடிய பதிவேடுகள் மட்டும் வருவாய்த் துறையிடம், அதாவது வட்டாட்சியர் அலுவலகத்தில்.

1993 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. குடிநீர், சாலை, சுகாதாரம், நகரத் திட்டமிடல் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் ஒப்படைப்பதா வேண்டாமா என்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பம். ஆகவேதான் நாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நகர்மன்றத்துக்கு, எங்கள் தெருமுனைச் சிறுபாலத்தின் மீது எந்த அதிகாரமும் இல்லை. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. துறையும் துறையும் சந்திக்கும் இடத்தில்தான் தண்ணீர் தேங்குகிறது.

29 அக்டோபர், செவ்வாய்

இரண்டாம் அரையாண்டுச் சொத்துவரியைச் செலுத்தினேன். 31ஆம் தேதிக்குள் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு என்பது எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நினைவூட்டினேன். வரி வசூல் மையத்தில் இருந்த பெண், தீபாவளி நெருக்கடியிலும், கதவு எண் மாறிப்போயிருந்த ஒரு முதியவரின் பழைய ரசீதைத் தேடிப் பிடித்து, அவருடைய மதிப்பீட்டு எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

6 நவம்பர், புதன்

சிறுபாலத்துக்கு அப்பால் நீர் எங்கே போகிறது என்று சங்க நண்பர்கள் இருவருடன் நடந்து பார்த்தேன். செங்கல்பட்டை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அதற்கும் கீழே உள்ள ஏரிக்கு என்று சங்கிலியாக நீர் இறங்கிப் போகும்படி முன்னோர் அமைத்த ஏற்பாடு இது. ஏரிக்குக் கீழே, அதன் நீர் பாயும் ஆயக்கட்டு நிலங்கள் நெல் விளைந்தவை. அவை மனைகளானபோது பாசன வாய்க்கால்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று என்று எல்லோரும் எண்ணிவிட்டார்கள். பாசனம்தான் நின்றது, பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. மழை பெய்தால் நீர் தன் பழைய வழியில்தான் இறங்குகிறது, அந்த வழியில் இப்போது நாங்கள் குடியிருக்கிறோம்.

பெரிய சாலைக்கு மறுபுறம் ஓடை முதலில் அகலமாகத்தான் இருக்கிறது. சற்றுத் தூரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் அதை ஒரு பக்கமாக நெருக்குகிறது. எதிர்க்கரையில் ஓலையும் தகரமும் வேய்ந்த சில வீடுகள். அவற்றுக்கு இடையே, நான் கால்களை அகட்டி வைத்தால் தாண்டிவிடக்கூடிய அளவுக்கு ஓடை ஒடுங்கி, ஆகாயத்தாமரை மண்டி நிற்கிறது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "மழை பெஞ்சா மொதல்ல எங்க வீட்டுக்குள்ளதாங்க வரும்" என்றார்.

12 நவம்பர், செவ்வாய்

நெடுஞ்சாலைத் துறைக்கென்று எழுதிய மனுவை ஓர் அலுவலகத்தில் வாங்க மறுத்து இன்னோர் அலுவலகத்தைக் காட்டினார்கள்; அங்கே, ஓடை அடைபட்டதால்தான் பாலம் அடைபடுகிறது, ஆகவே நீர்வளத் துறையிடம் போங்கள் என்றார்கள். ஒருவரும் கடிந்து பேசவில்லை, நாற்காலி கொடுத்தே பேசினார்கள்.

ஆகவே இன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பத்தை, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். புறநகர்வாசிகள் எல்லோரும் அறிய வேண்டிய பிரிவு ஒன்று 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. 6(3) என்ற அந்தப் பிரிவின்படி, கேட்ட தகவல் வேறொரு அலுவலகத்தில் இருக்குமானால், விண்ணப்பத்தைப் பெற்ற அலுவலகமே 5 நாட்களுக்குள் அதை உரிய இடத்துக்கு மாற்றி அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். சாதாரண மனுவை "எங்களுடையது இல்லை" என்று கையில் திருப்பிக் கொடுக்கலாம். இதைக் கொடுக்க முடியாது. சிறுபாலத்தைப் பராமரிப்பது யார், கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, ஓடையின் புலப்பட (நில அளவை வரைபட) நகல், அதில் காணும் அகலம் ஆகியவற்றை மட்டும் கேட்டிருக்கிறேன். ஏன், எதற்கு என்ற கேள்விகளை எழுதவில்லை. பதிவேட்டில் உள்ளதைக் கேட்டால் பதில் வரும். விளக்கம் கேட்டால் அதையே காரணம் காட்டி மறுக்க இடமுண்டு.

24 நவம்பர், ஞாயிறு

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரங்களுக்கும் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு, அதற்கான விதிகள் 2022இல் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே பகுதி சபையில் கலந்துகொண்டார். தாம்பரத்தை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 70 வார்டுகளுடன் அந்த மாநகராட்சி உருவானது. அப்படி இணைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் ஊரிலும் பேச்சு அடிபடுகிறது. எல்லை விரிந்தால் நிதியும் பொறியாளர்களும் கூடுவார்கள் என்பது உண்மை. ஆனாலும் நெடுஞ்சாலையும் ஏரியும் அப்போதும் வேறு துறைகளிடமே இருக்கும்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதையும், தெருநாய்களையும், குப்பை வண்டி நேரம் மாறி வருவதையும் பேசினார்கள். நகர்மன்ற உறுப்பினர் எல்லாவற்றையும் தம் கையாலேயே குறித்துக்கொண்டார். என் முறை வந்தபோது, சிறுபாலத்தையும் ஓடையையும் நெடுஞ்சாலை, நீர்வளம், வருவாய் ஆகிய மூன்று துறைகளும் நகராட்சியுடன் ஒரே நாளில் கூட்டாகப் பார்வையிட வேண்டும் என்று தீர்மானம் முன்மொழிந்தேன். அந்த ஓலை வீட்டு அம்மாவும் வந்திருந்தார். அவரே எழுந்து வழிமொழிந்தார்.

30 நவம்பர், சனி

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து மழை நிற்கவில்லை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். தெருமுனையில் மீண்டும் தண்ணீர். பிற்பகல் நகராட்சியிலிருந்து மோட்டாரும் குழாயும் கொண்டுவந்து இறைத்தார்கள், மின்வாரிய ஊழியர்கள் கொட்டும் மழையில் மின்மாற்றியைச் சரிசெய்தார்கள். ஓடைக்கரை வீட்டார் பக்கத்து அரசுப் பள்ளியில் தங்கவைக்கப்பட்டார்கள். சங்கத்தின் சார்பில் பாலும் பாயும் கொடுத்தோம்.

16 டிசம்பர், திங்கள்

பதில்கள் வந்துவிட்டன. சிறுபாலம் தங்கள் பராமரிப்பில் உள்ளது என்று உரிய அலுவலகம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து புலப்பட நகலும் வந்தது. ஓடைப் புறம்போக்கு என்று தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. நாங்கள் பார்த்த ஒடுங்கிய இடத்தில் அதன் அகலம் இன்று இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பகுதி சபைத் தீர்மானத்தின் பேரில், பொங்கல் கழிந்ததும் நில அளவரை வைத்துக் கூட்டாகப் புலத்தணிக்கை செய்வதாக நகர்மன்ற உறுப்பினர் தொலைபேசியில் சொன்னார்.

ஆக்கிரமிப்பு அகற்றம் என்றால் முதலில் எளியவர்களின் வீட்டைத்தான் இடிப்பார்கள் என்ற அச்சம் ஓடைக்கரையில் இப்போதே பரவிவிட்டது. அது நியாயமான அச்சம். அளவீட்டில் அந்தச் சுற்றுச்சுவர் ஓடைக்குள் இருப்பது உறுதியானால், முதலில் எடுக்கப்பட வேண்டியது அதுதான். குடிசை வீட்டாரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் மூலம், பிள்ளைகள் இப்போது படிக்கும் பள்ளிக்கு எட்டும் தூரத்தில் குடியமர்த்திய பிறகே அந்தக் கரையில் கை வைக்க வேண்டும். இந்த இரண்டையும் எழுதிச் சங்கத்தின் பொதுக்குழுவில் வைக்கப்போகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் சங்க உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கூட்டத்துக்கு முன்பே, புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு, நேரில் பேச வேண்டும். நாளை மாலை போகிறேன்.