நான்கு சரிவும் ஒரு நடுக்கோடும்

2019 உலகக் கோப்பையில், தென்னாப்பிரிக்காவுடன் நடந்த ஆட்டத்தில் தோனியின் கையுறையில் இருந்த சின்னம் பலருக்கும் நினைவிருக்கும். ஐசிசி அதை எடுக்கச் சொன்னது, ஒரு வாரம் எங்கும் அதே பேச்சு. நம் ராணுவத்தின் பாரா சிறப்புப் படையினர் அணியும் 'பலிதான்' சின்னம் அது. விரிந்த சிறகுகள், நடுவில் முனை கீழே பார்க்க ஒரு கத்தி. "அது என்ன கத்திப்பா?" என்று மகன் கேட்டான். அதற்குப் பதில் தேடப் போனவன்தான், மூன்று வருடம் கழித்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு வாடகைப் பட்டறையில் அரத்தோடு நின்றேன்.

பல நாட்டுக் கமாண்டோ சின்னங்களில் இருக்கும் கத்திக்கு மூலம் ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கத்தி. ஷாங்காய் நகராட்சிப் போலீசில் அனுபவப்பட்ட வில்லியம் ஃபேர்பேர்ன், எரிக் சைக்ஸ் இருவரும் 1940 நவம்பரில் லண்டன் வில்கின்சன் ஸ்வோர்டு கம்பெனியாரோடு உட்கார்ந்து வடிவம் பேசினார்கள். 1941 தொடக்கத்தில் கத்திகள் வர ஆரம்பித்தன. முதல் வடிவத்தில், அலகுக்கும் பிடிக்கும் நடுவே குறுக்காக உள்ள கைக்காப்பு எஸ் போல வளைந்திருக்கும். 1942இல் அது நேரானது. அடுத்த வருடம், பித்தளைப் பிடி போய் வளையம் வளையமாக வார்த்த பிடி வந்தது. நான் செய்ய எடுத்துக்கொண்டது நடுவில் உள்ளது, அதாவது நேர்க்காப்பும் சொரசொரப்புப் போட்ட பித்தளைப் பிடியும் கொண்ட இரண்டாம் வடிவம்.

பட்டறையில் பக்கத்து மேசைக்காரரிடம் அவர் அப்பா போரிலிருந்து கொண்டுவந்த அசல் ஒன்று இருந்தது. அளவெடுக்கக் கொடுத்தார். நிக்கல் பூச்சு முக்கால்வாசி போய், கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் பித்தளை பளபளவென்று தெரிந்தது. அலகு சுமார் 7 அங்குலம். கையில் வாங்கியதும் எனக்குப் பட்டது ஒன்றுதான்: எடை முழுவதும் உள்ளங்கையில் உட்காருகிறது, அலகு இருப்பதே தெரியவில்லை. மெல்லிய அலகுக்குக் கனமான பித்தளைப் பிடி போட்டதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அலகுக்கு 5 மி.மீ. கனத்தில் ஓ-1 என்ற, எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றும் உருக்குப் பட்டை வாங்கினேன். வெளிவடிவத்தை வெட்டுவது ஒரு நாள் வேலை. கஷ்டம் அதற்குப் பிறகு. இந்த அலகில் நான்கு சரிவுகள், ஒரு பக்கத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் சந்திக்கும் நடுக்கோடு பிடியிலிருந்து முனை வரை நூல் பிடித்தாற்போல ஓட வேண்டும். சமையல் கத்தியில் ஒரு பக்கம் கொஞ்சம் கூடக்குறைய ராவினாலும் யாருக்கும் தெரியாது. இதில் ஒரு சரிவு அரை மி.மீ. அதிகம் இறங்கினால் கோடு வளைந்து, தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் அலகில் ஒரு சரிவை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பார்க்கச் சுமாராக இருந்தது. உலையில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து எடுத்தால், முனை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கனம் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் முந்திக் குளிரும், அலகு வளையும். நிமிர்த்துவதாக இருந்தால், எண்ணெயிலிருந்து எடுத்த சூடு ஆறுவதற்குள், சில நொடிகளில் செய்திருக்க வேண்டும். நான் ஆறவிட்டு, வைஸில் பிடித்து மெதுவாக அழுத்தினேன். 'டிங்' என்று ஒரு சத்தம். முனைத்துண்டு எங்கோ தெறித்துப் போனது. கண்ணாடி போட்டிருந்தேன், நல்லவேளை. மூன்று வாரச் சனிக்கிழமைகள் போயின. அன்று பட்டறையைக் கூட்டிவிட்டு, யாரோடும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாவதில் பத்து இழுப்புக்கு ஒரு முறை சரிவை மாற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, திரும்ப ஒன்று. பட்டையில் நீல மை பூசி, நடுக்கோட்டையும் ஓரக்கோடுகளையும் கீறி வைத்துக்கொண்டு, மை எங்கே மிச்சமிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ராவினேன். ஓரத்தை ஒரு மி.மீ. தடிப்பாகவே விட்டேன். பிடிக்குள் நுழையும் வால் பகுதியின் நுனியில் மரையை முதலிலேயே வெட்டிவிட்டேன். பதம் ஏறிய பிறகு மரை வெட்டும் டை அதைத் தொடாது. காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, 800 டிகிரி அளவில், முனை கீழாக நேரே எண்ணெயில் இறக்கினேன். பக்கவாட்டில் ஆட்டவில்லை. எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தேன். நேராக இருந்தது. அப்புறம் 250 டிகிரியில் இரண்டு முறை சூடுகாட்டிப் பதத்தைத் தணித்தேன். இந்தக் கத்திகளின் முனை ஒடிகிறது என்பது அந்தக் காலத்துப் புகார். அதனால் கடினம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தேன்.

பிடி வேலை எனக்கு வீட்டுக்குத் திரும்பினது போல. கோயமுத்தூரில் அப்பாவின் லேத்தில் வளர்ந்தவன் நான். ஆனால் நடுவில் இடுப்பு ஒடுங்கிய உருளையில் நர்லிங் போடுவது, அதாவது பல் வைத்த வீலை அழுத்திச் சொரசொரப்பு ஏற்றுவது, நேர் உருளையில் போடுவது மாதிரி இல்லை. விட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால் வீல் வழுக்கிக் கோட்டின்மேல் கோடு விழுகிறது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"வீல் வழுக்குதுங்ப்பா."

"பயந்து பயந்து தொட்டா அப்படித்தான் கண்ணு. ஸ்பீடைக் குறை, ஆயிலை நல்லா விடு, தொட்டதும் அழுத்திப் பிடி. ஓரம் உருண்ட வீல் இருந்தா அதைப் போடு."

ஓரம் உருண்ட வீல் தேடி வாங்க ஒரு வாரம். போட்டதும் வைரம் வைரமாக விழுந்தது.

காப்பில் வால் நுழையும் துளைக்கு வரிசையாக ஓட்டை போட்டு அரத்தால் இணைத்தேன். பிடியைக் கோர்த்து மேலே நட்டை முறுக்கினேன். ஓரத்துக்குக் கூர் வைக்கவே இல்லை, வைக்கப் போவதும் இல்லை. இது ஷெல்ஃபில் இருக்கப் போகிற பொருள். இங்கே தக்க காரணம் இல்லாமல் இந்த மாதிரிக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். அதனால் துணியில் சுற்றி, பெட்டியில் பூட்டி, கார் டிக்கியில் வைத்து நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நிக்கல் பூசவில்லை, பித்தளையாகவே விட்டுவிட்டேன். மகன் காப்புக்குச் சற்றுப் பின்னால் ஆள்காட்டி விரலைக் கொடுத்துக் கத்தியைக் கிடத்திப் பார்த்தான். இரண்டு பக்கமும் லேசாக ஆடி, அசையாமல் நின்றது. வீடியோவில் அப்பா அலகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிடியைக் கிட்டக் காட்டு கண்ணு" என்றார். நர்லிங்கைக் கேமரா முன்னால் வைத்து மெதுவாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். கோடு இரட்டையாக விழுந்த இடம் அது.