அப்பாவோட மருந்து டப்பாவ காலி பண்ண கதை

அப்பா போய் நாலாவது நாள் எதிர் லைன் அக்கா வந்து, "தம்பி, அப்பாவுக்கு குடுத்தீங்களே அந்த வலி மாத்திரை, மிச்சம் இருந்தா ரெண்டு குடேன், முட்டி வலி உயிர் போகுது"ன்னு கேட்டாங்க. அவங்க தப்பா எதுவும் கேக்கல, எங்க லைன்ல சர்க்கரை மாத்திரைல இருந்து இருமல் டானிக் வரைக்கும் அப்படித்தான் கைமாறும். ஆனா அவங்க கேட்டப்பதான் கட்டிலுக்கு அடில ஒரு டப்பா இருக்கறதே எனக்கு ஞாபகம் வந்துச்சு.

நாங்க கோத்தகிரி பக்கம், டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு. அப்பா சிலோன்ல இருந்து வந்தப்ப கொண்டு வந்த பெரிய பிஸ்கட் டப்பா, அதுலதான் எட்டு மாசமா எல்லா மருந்தும். வாய்ல புற்றுநோய், வெத்தல போயில பழக்கம்தான். கீமோ எல்லாம் முடிஞ்சு இனிமே வீட்லயே வச்சு பாத்துக்கங்கன்னு கோயம்புத்தூர்ல சொல்லி அனுப்பிட்டாங்க. வலிக்கு ஒட்டற பேட்ச்ச எப்படி ஒட்டணும், எத்தன மணிக்கு குடுக்கணும்னு எல்லாம் சொன்னவங்க மிச்சமானா என்ன பண்றதுன்னு ஒரு வார்த்த சொல்லல, நாங்களும் கேக்கல, அந்த நேரத்துல யாருக்கு அது தோணும் சொல்லுங்க.

டப்பாவ தொறந்து பாயில கொட்டினா, மார்ஃபின் 10 மில்லி கிராம் மாத்திரை, டிரமடால் (ரெண்டும் கடுமையான வலிக்கு), லோராசிபாம் (பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும்), டைக்ளோஃபினாக் (இதுவும் வலிக்குத்தான்), ரெண்டு வகை ஆன்டிபயாட்டிக், ஒரு கட்டு மெட்ரோனிடசோல் (இத புண்ணு நாத்தம் போக பொடி பண்ணி மேல தூவச் சொல்லியிருந்தாங்க, உண்மையிலயே நாத்தம் குறைஞ்சுது), மலச்சிக்கலுக்கு சிரப் மூணு பாட்டில், பிரிக்காத ஃபென்டனில் பேட்ச் (வலிக்கு தோல்ல ஒட்டறது) மூணு. மார்ஃபின் எப்படி மிச்சமாச்சுன்னா, 4 மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு போயிட்டிருந்தது, கடைசி மாசம் வாயே தொறக்க முடியலன்னு நெஞ்சுல ஒட்டற பேட்ச்சுக்கு மாத்திட்டாங்க, பழைய மாத்திரை அப்படியே தங்கிருச்சு.

வீட்ல ஆளுக்கு ஒரு யோசன. அம்மா அடுப்புல போட்டு எரிச்சிரலாம்னாங்க. அந்த பிளாஸ்டிக்கு அட்டையோட எரிச்சா வீடு பூரா விஷப் புகை. அண்ணன் பின்னாடி பள்ளத்துல வீசிரலாம்னான். பள்ளத்துல எதப் போட்டாலும் காட்டுப்பன்னி கிளறும், எங்க பக்கம் கரடி எண்ணெ வாசத்துக்கே கதவ உடைச்சுட்டு உள்ள வர்ற ஊரு. அதுவும் டைக்ளோஃபினாக்க வீசறேன்றான், மசினகுடி, மாயாறு பக்கம் பாறுக் கழுகு எல்லாம் எப்படி இவ்ளோ கொறைஞ்சு போச்சு? அந்த ஊசி போட்ட மாடு செத்து அத தின்ன கழுகுக்கு கிட்னி போயிதான செத்துச்சு, அதனாலதான 2006ல மாட்டுக்கு அத போடக் கூடாதுன்னு தடையே வந்துச்சு. கழுகு மாத்திரைய பொறுக்காதுடான்னு அவன் சண்டைக்கு வந்தான், சரி பன்னி பொறுக்கும்லன்னேன்.

நான் நெட்ல தேடினேன். 2025ல மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு வழிகாட்டி போட்டிருக்காங்க, அதுல 17 மருந்து பேர் குடுத்து, இதெல்லாம் வீட்ல கிடந்தா ஒரே டோஸ்ல கூட உயிர் போகலாம், அதனால வச்சுக்கறத விட சிங்க்லயோ டாய்லெட்லயோ ஊத்திருங்கன்னு இருக்கு. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டயசிபாம் எல்லாம் அந்த லிஸ்ட்ல. அத மட்டும் படிச்சுட்டு டாய்லெட்ல போடத்தான் போனேன், அம்மாதான் கைய புடிச்சு "கீழ் லைன்காரங்க எந்த ஊத்துல தண்ணி புடிக்கறாங்கன்னு தெரியும்ல"ன்னாங்க. எங்க கக்கூஸ் குழிக்கு நேர் கீழதான் அந்த ஊத்து. டவுன்ல டிரெய்னேஜ் இருக்கறவங்களுக்கு அது சரியா இருக்கலாம், எனக்கு மனசு வரல.

அப்புறம்தான் பேலியேட்டிவ் சிஸ்டருக்கு (குணமாக்க முடியாத நோயாளிக்கு வலி குறைச்சு பாத்துக்கற நர்ஸ்) போன் பண்ணேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கு வந்து புண்ணுக்கு கட்டு மாத்திட்டு போறவங்க. "அய்யோ நான் முதல் நாளே சொல்லியிருக்கணும், யாருக்கும் ஒண்ணு கூட குடுத்துராதீங்க, நான் வர்றேன்"ன்னாங்க. அதுவரைக்கும் பீரோல வச்சு பூட்டச் சொன்னாங்க. எதிர் லைன் அக்காவுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டதுக்கு, அப்பாவுக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினது, உடம்பு பழகிருச்சு, பழக்கமில்லாத வயசானவங்க அதே அளவ போட்டா மயக்கமாகி மூச்சு மெதுவாகி தூக்கத்துலயே நின்னுரும்னு சொன்னாங்க. அத அப்படியே அக்காகிட்ட சொன்னேன். முகம் சுருங்கிப் போச்சு, குடுக்க மனசில்லாம சாக்கு சொல்றேன்னு நெனச்சிருப்பாங்க.

சிஸ்டர் வந்து மார்ஃபின ஒவ்வொண்ணா எண்ணினாங்க. எங்க அண்ணி நோட்டுல தேதி, மணி போட்டு குடுத்ததெல்லாம் எழுதி வச்சிருந்தாங்க, அதோட ஒத்துப் பாத்தா 48 இருக்கணும், இருந்தது 46. ரெண்டு காணோம். சிஸ்டர் ஒண்ணும் பெருசா கேக்கல, 46ன்னு எழுதி, ரெண்டு குறையுதுன்னு பக்கத்துல குறிச்சு என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க. ஆனா வீட்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். அக்கா காரியத்தன்னைக்கு அந்த ரூம்லதான் உக்காந்திருந்தாங்கன்னு அண்ணன் மெதுவா சொன்னான். நான் பேசாமதான் இருந்தேன், ஆனா எனக்கும் அதான் ஓடுச்சு, மறைக்கறதுக்கு என்ன.

டிரமடால், லோராசிபாமையும் சிஸ்டர் எடுத்துக்கிட்டாங்க, திரும்பி வந்தத வேற பேஷண்டுக்கு குடுக்க மாட்டோம், அழிக்கத்தான்னாங்க. பேட்ச் மட்டும் "எங்க ரிஜிஸ்டர்ல வராது, வாங்கின எடத்துலயே குடுங்க". அப்ப அண்ணி ஒண்ணு கேட்டாங்க, ஒட்டி எடுத்த பேட்ச்ச எல்லாம் குப்பக் கூடைலதான போட்டோம்னு. சிஸ்டர் தலைல கை வச்சுட்டாங்க. 72 மணி நேரம் கழிச்சு உரிச்சாலும் அதுல நெறைய மருந்து மிச்சம் இருக்குமாம், சின்னக் குழந்தை எடுத்து மேல ஒட்டிக்கிட்டாலோ வாயில வச்சாலோ உயிருக்கே ஆபத்தாம். உரிச்ச உடனே பசை உள்ள வர்ற மாதிரி ரெண்டா மடிச்சு ஒட்டி தனி டப்பால போட்டு பூட்டி வச்சிருக்கணும். அண்ணன் மகளுக்கு மூணு வயசு, கண்டத எல்லாம் ஸ்டிக்கர்னு நெத்தில ஒட்டிக்கிட்டு திரியும். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

பேட்ச் மூணையும் எடுத்துட்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். குஞ்சப்பனை செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னு பைய பாக்கறதுண்டு, என் பைக்குள்ள போதை மருந்து சட்டத்துல வர்ற சாமான். சீட்டு, டெத் சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் எல்லாம் மேலயே வச்சிருந்தேன், யாரும் என்னன்னு கேக்கல, ஆனா வயித்த கலக்கிருச்சு. ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்ல "ரிட்டர்ன் எடுக்கறதில்ல, காசு திரும்ப வராது". காசு வேணாம்ங்க, இத வச்சுக்கங்கன்னா அந்த தம்பி என்ன ஒரு மாதிரி பாக்கறார். மூணு மாடி ஏறி இறங்கி, கடைசில வலி கிளினிக் சிஸ்டர்தான் லாட் நம்பர் எழுதி வாங்கிக்கிட்டாங்க. ரெண்டு மணி நேரம் ஆச்சு, வாங்கறப்ப பத்து நிமிஷம்தான் ஆச்சு.

மத்ததெல்லாம் சிஸ்டர் சொன்ன மாதிரி வீட்லயே பண்ணோம். அட்டைல இருந்து பிதுக்கி எடுத்து, வடிச்ச தேயிலைச் சக்கையோட மண்ணும் போட்டு பிசைஞ்சு மூடி போட்ட டப்பால அடைச்சாச்சு, தேயிலைச் சக்கைக்கு எங்க வீட்ல என்ன பஞ்சம். ஆன்டிபயாட்டிக்க மட்டும் தண்ணிலயோ வெறும் மண்ணுலயோ போடாதீங்க, கிருமிக்கு மருந்து பழகிரும்னாங்க, அத அவங்களே பைல போட்டுக்கிட்டாங்க. சீட்டு, கவர்ல அப்பா பேர் இருந்தத எல்லாம் பேனாவால கிறுக்கிட்டு போட்டோம். வீட்டு மருந்துக் கழிவ தனியா வாங்கணும்னு 2016 திடக்கழிவு விதிலயே சொல்லியிருந்தாங்க, ஆனா குப்பை வண்டி அக்காகிட்ட தனியா நீட்டினா "எல்லாத்தையும் ஒண்ணா போடுங்க சார்"ன்னுதான் சொன்னாங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல, வண்டில அதுக்கு எடமே இல்ல. ஊசி எல்லாம் கெட்டி பாட்டில்ல போட்டு வச்சிருந்தோம், அத ஆரம்ப சுகாதார நிலையத்துல வாங்கிக்கிட்டாங்க. பிரிக்காத டயப்பர், காத்து மெத்தை ரெண்டும் சிஸ்டர் சொன்ன வேற ஒரு வீட்டுக்கு போச்சு.

நீங்க யாராவது இப்ப வீட்ல வச்சு பாத்துட்டு இருந்தீங்கன்னா, ஆள் இருக்கறப்பவே சிஸ்டர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க, மருந்து மாத்தின அன்னைக்கே பழச திருப்பிக் குடுத்துருங்க, அப்ப குடுத்திருந்தா அந்த 48ம் சரியா இருந்திருக்கும்.

மூணு மாசம் கழிச்சு டிசம்பர் குளிருக்கு அப்பாவோட பழைய ஸ்வெட்டர யாருக்காவது குடுக்கலாம்னு அம்மா உதறினாங்க. உள் பாக்கெட்ல வெத்தல மடிக்கற காகிதத்துல சின்னதா ஒரு பொட்டலம், உள்ள ரெண்டு மாத்திரை. ராத்திரி வலி கூடிட்டா எங்கள எழுப்ப வேணாம்னு எடுத்து வச்சிருக்கார் போல. சிஸ்டருக்கு போன் பண்ணேன், மறுநாளே வந்துட்டாங்க, நோட்ட தேடி எடுத்து குறையுதுன்னு எழுதினதுக்கு கீழ "2 கிடைத்தது"ன்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு போனாங்க. அண்ணன் ஸ்வெட்டர எடுத்துட்டு எதிர் லைனுக்கு போனான், அந்த அக்கா வீட்டுக்காரருக்கு சரியா இருக்கும்னு.