கிலோமீட்டரை வேகத்தால் வகுத்தால் பறக்கும் நேரம் வராது

இரண்டு சிறு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும் கிலோமீட்டர், பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். அதை ஜெட்டின் வேகத்தால் வகுத்து ‘அரை மணி நேரம்தானே’ என்று அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் பலர். அப்படிச் செய்யாதீர்கள்.

தூரத்தை நாமே கணக்கிடலாம். அட்சரேகையில் ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு டிகிரி என்றால், 111ஐ அந்த இடத்து அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். சராசரி அட்சரேகை 12 டிகிரி, வித்தியாசம் வடக்கு தெற்காக 3 டிகிரி, கிழக்கு மேற்காக 2.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 333, 271 என்று இரண்டு பக்கங்கள் வரும்; பிதாகரஸ் முறையில் 430 கிலோமீட்டர். இவ்வளவு குறுகிய தூரத்துக்கு இதுவே போதும். நீண்ட தூரத்துக்குத்தான் பூமியின் வளைவையும் கணக்கில் எடுக்கும் ஹாவர்சைன் சூத்திரம் தேவை. பிழை நேர்வது பெரும்பாலும் எண்களை உள்ளிடும்போதுதான். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 10 டிகிரி 30 நிமிடம் என்பது 10.5, அதை 10.30 என்று போட்டால் 22 கிலோமீட்டர் தவறிவிடும். எக்செல்லில் கொசைன் போடும்போது டிகிரியை ரேடியனாக மாற்ற மறக்கக் கூடாது.

இனி நேரம். ஏடிஆர் 72 போன்ற டர்போபிராப் (இறக்கையில் காற்றாடி சுழலும் விமானம்) மணிக்குச் சுமார் 510 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 430 கிலோமீட்டருக்கு 51 நிமிடம். ஆனால் ஓடுபாதையின் திசை, வழித்தடப் புள்ளிகள், தரையிறங்கச் சுற்றி வருவது எல்லாம் சேர்ந்தால் 460 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கும். அதற்கே 54 நிமிடம். ஏறும்போது வேகம் குறைவு என்பதால் இன்னும் எட்டுப் பத்து நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும், இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வரவும் 15 நிமிடம். ஆக, 1 மணி 20 நிமிடம். கால அட்டவணையில் போடுவது இந்த ‘பிளாக் டைம்’, அதாவது நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரையான நேரம். தாமதத்துக்கு இடம்விட்டு, விமான நிறுவனங்கள் இதைச் சற்றுக் கூட்டியும் போடுவதுண்டு.

ஜெட்டாக இருந்தால் பாதி நேரம் மிச்சமாகும் என்ற எண்ணம் குறுகிய வழித்தடத்தில் பலிக்காது. 30,000 அடியிலிருந்து இறங்க, ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் என்ற கணக்கில் 90 கடல் மைல், அதாவது 167 கிலோமீட்டர் தேவை. ஏறவும் ஏறக்குறைய அவ்வளவு போய்விடும். எஞ்சிய நூறு கிலோமீட்டரில்தான் ஜெட்டின் முழு வேகம் கைகொடுக்கும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல், அதாவது 463 கிலோமீட்டர்) என்ற வேக வரம்பும் பொதுவாக உண்டு. கடைசியில் டர்போபிராப்பைவிடப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மிச்சம்.

காற்றையும் விடக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் ஏடிஆரின் 51 நிமிடம் 57 ஆகும். அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் 45. ஒரே வழித்தடத்தில் போகும் நேரமும் திரும்பும் நேரமும் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துல்லியம் வேண்டுமென்றால், விமானத்தைப் பின்தொடரும் தளங்களில் அந்த விமான எண்ணின் பத்து நாள் பதிவுகளைப் பாருங்கள். புறப்பட்டதாக அங்கே இருப்பது சக்கரம் நகர்ந்த நேரமா, தரையைவிட்டு எழும்பிய நேரமா என்பதைக் கவனியுங்கள். அட்டவணை நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம் என்பதால், நேர மண்டலம் மாறினால் வித்தியாசத்தைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.