நெக்ஸ்ட் என்றால் அடுத்தது மட்டும்தான்

வெப் டெக்னாலஜி லேப் எக்ஸாமில் எனக்கு வந்தது சுலபமான கேள்வி. ஒரு பக்கத்தில் வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் பதில். கேள்வியைத் தொட்டால் அதன் பதில் திறக்க வேண்டும். ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் மூன்று வரி வேலை. அடுத்ததை எடுக்கும் ‘நெக்ஸ்ட்’ கட்டளையைப் போட்டு, அடைப்புக்குள் பதிலின் கிளாஸ் பெயரையும் (பக்கத்தின் உறுப்புகளுக்கு நாம் வைக்கும் அடையாளப் பெயர்) கொடுத்தேன். தொட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலிலும் பிழை இல்லை.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் சின்னதாக ஒரு குறிப்புப் பெட்டி இருந்தது. ‘நெக்ஸ்ட்’ ஒட்டியிருக்கும் அடுத்த எலிமெண்டை மட்டும் பார்க்கும். அது நாம் கேட்ட கிளாஸாக இருந்தால் தரும். இல்லாவிட்டால் தாண்டிப் போய்த் தேடாமல் வெறுங்கையோடு திரும்பும். ஒன்றுமில்லாத தொகுப்பை வைத்து எதைச் செய்யச் சொன்னாலும் ஜேக்வெரி வாய் திறக்காது. அதுதான் கொடுமை. பின்னால் வரும் எல்லாவற்றையும் எடுக்கும் ‘நெக்ஸ்ட்ஆல்’ போட்டு கிளாஸால் வடிகட்டி, ‘ஃபர்ஸ்ட்’ எடுத்தபோது சரியானது. அதற்குள் பதினைந்து நிமிடம் போய்விட்டது. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் முதலில் ‘லெங்த்’, அதாவது எத்தனை சிக்கியது என்ற எண்ணிக்கையைப் பார்க்கிறேன். பூஜ்யம் என்றால் எலிமெண்டை செலக்ட் பண்ணியதில்தான் கோளாறு.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் கேட்டார்: “ஒரே லிஸ்ட்ல அஞ்சு எல்ஐ, அதாவது அஞ்சு ஐட்டம் இருக்கு. அஞ்சையும் செலக்ட் பண்ணி, கூடப் பிறந்ததை எடுக்குற சிப்ளிங்ஸ் போட்டா எத்தனை வரும்?” பூஜ்யம் என்றேன். “கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்னு கேட்டா உன்னையும் சேர்த்தா சொல்லுவ?” என்றார். இல்லை சார். “உன் தம்பி சொல்லும்போது உன்னைச் சேர்ப்பானா?” அப்போதுதான் உறைத்தது. தனி ஒன்றுக்குப் போட்டால் அது தன்னை விட்டுவிடும். ஐந்துக்கும் போட்டால் ஒருவர் கணக்கில் இன்னொருவர் வந்து, ஐந்தும் திரும்பக் கிடைக்கும்.

படிக்கும்போது இந்தக் கட்டளைகளின் பெயர்களை உருப்போடாதீர்கள். தாளில் ஓர் அப்பா, கீழே ஆறு பிள்ளைகள் வரைந்து, மூன்றாவதில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். ‘ப்ரீவ்ஆல்’ பின்னோக்கி எண்ணும், அதாவது பக்கத்தில் இருப்பதுதான் முதலில் வரும். ‘நெக்ஸ்ட்அன்டில்’ நிற்கச் சொன்ன இடத்தைச் சேர்க்காது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸின் ~ குறி தனக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளை மட்டும்தான் பிடிக்கும், அண்ணன் அக்காவைக் கண்டுகொள்ளாது.

அப்புறம், சீனியர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஒன்று: தன்னையும் சேர்த்துக்கொள்ள அதில் ‘அண்ட்செல்ஃப்’ என்று இருக்கும். ஜேக்வெரி 3.0 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். ‘ஆட்பேக்’ என்று எழுதுங்கள்.