நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை

என் வேலை பிசிஷியன் அசிஸ்டென்ட், சுருக்கமாகப் பி.ஏ., என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: ‘ஓ, நர்ஸா?’ அல்லது ‘டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுக்கிற வேலையா?’ இரண்டுமே இல்லை. நர்ஸிங் தனிப் படிப்பு, தனித் திறமை, அதெல்லாம் எனக்கு வராது.

நோயாளியிடம் விசாரித்து, உடம்பைப் பரிசோதித்து, என்ன நோயாக இருக்கும் என்று யோசித்து, ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுக்கச் சொல்லி, சிகிச்சையை ஆரம்பிப்பதுவரை நாங்கள் செய்வோம். டாக்டர் செய்கிற வேலைதானே என்றால், அதில் ஒரு பகுதி, ஆமாம். ஆனால் ஒரு டாக்டர் குழுவோடு சேர்ந்துதான். எதுவரை போகலாம் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் பி.ஏ.க்கள் மருந்து எழுதலாம், பிரிட்டனில் எழுத முடியாது.

அறுவை சிகிச்சைப் பக்கம் போனால் இன்னும் தெளிவாகப் புரியும். பைபாஸ் நடக்கும்போது சர்ஜன் நெஞ்சைத் திறந்துகொண்டிருக்க, அதே நேரத்தில் நோயாளியின் காலருகே ஒருவர் குனிந்து நீளமாக ஒரு சிரையை, அதாவது ரத்தக்குழாயை, எடுத்துக்கொண்டிருப்பார், பல மருத்துவமனைகளில் அது பி.ஏ.தான். இதயத்துக்கு மாற்றுப்பாதை போட அந்தச் சிரை வேண்டும். அதிலிருந்து பிரிகிற சின்னச் சின்னக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டு, இழுக்காமல், கிள்ளாமல் எடுக்கணும். உள்சுவரில் காயம் பட்டால் பிற்பாடு அதுவே அடைத்துக்கொள்ளலாம். அப்புறம் இன்னொன்று, சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை ஒரே திசையில்தான் விடும், அதனால் பொதுவாக அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார்கள். எந்த முனை எது என்று குழம்பினால் கதை முடிந்தது.

இந்த வேலை பிறந்தது 1965இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில். டாக்டர் பற்றாக்குறை ஒரு பக்கம். கடற்படையில் காயங்களுக்கு வைத்தியம் பார்த்துக் கை தேர்ந்து, வெளியே வந்ததும் அதற்கேற்ற வேலை கிடைக்காதவர்கள் இன்னொரு பக்கம். யூஜீன் ஸ்டெட் என்ற டாக்டர் அப்படிப்பட்ட நான்கு பேரை வைத்துத்தான் முதல் வகுப்பைத் தொடங்கினார். இப்போது அமெரிக்காவில் பட்டப்படிப்புக்கு மேல் சுமார் 27 மாதம் படிக்கணும், தேசியத் தேர்வு எழுதணும். டாக்டர்களைவிடக் குறைந்த வருடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து தோல் நோய்ப் பிரிவுக்கு மாற ஆசைப்பட்டால், டாக்டரைப் போல மறுபடி சில வருடங்கள் பயிற்சிக்குப் போக வேண்டியதில்லை, வேலையிலேயே கற்றுக்கொள்ளலாம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் அது.

பிரிட்டனில் பி.ஏ.க்களை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. தங்களைப் பார்த்தவர் டாக்டர் இல்லை என்பதே பல நோயாளிகளுக்குத் தெரியவில்லை என்பது முக்கியமான புகார். 2025இல் வந்த ஆய்வறிக்கை, இன்ன நோய் என்று கண்டுபிடிக்கப்படாத நோயாளிகளைப் பி.ஏ.க்கள் முதலில் பார்க்கக் கூடாது, வரையறுத்த சில சூழல்களில் மட்டும் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. எங்கள் ஆட்களில் பலருக்குக் கோபம். எனக்கு நோயாளிகளின் புகார் நியாயமாகத்தான் பட்டது. யார் தன்னைத் தொட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா என்ன?

அதனால் சந்தேகம் இருந்தால் தயங்காமல் ‘நீங்க டாக்டரா?’ என்று கேளுங்கள். டாக்டரையே பார்க்கணும் என்றால் அதையும் சொல்லுங்கள். ஒழுங்கான பி.ஏ. யாரும் முகம் சுளிக்க மாட்டார், டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் எது என்று தெரிவதும் எங்கள் வேலைதான்.