காப்பீட்டு அட்டை வாங்கினோம்: சிம் செத்தால் எல்லாம் நின்றுபோகும்

அம்மாவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்த மருத்துவமனையில், "அட்டை இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அம்மா பாத்திரம் தேய்க்கும் வீட்டு மேடம்கூட, "அதான் எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சே, உட்கார்ந்த இடத்துலயே போட்டுடலாமே" என்றார். நல்ல மனுஷிதான். அவர் வீட்டில் உட்கார்ந்தால் அப்படித்தான் நடக்கும்.

எங்களுக்கு இ-சேவை மையத்திலேயே நின்றுவிட்டது. வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட ஓ.டி.பி. வர வேண்டும். அது போய்ச் சேர்ந்தது ஆதாரில் இருந்த அம்மாவின் பழைய நம்பருக்கு. ரீசார்ஜ் விலை ஏறின பிறகு வீட்டில் எல்லா சிம்முக்கும் மாதாமாதம் போடக் கட்டுப்படி ஆகவில்லை. வேலைக்குப் போகிற என் போன் ஓடினால் போதும் என்று அம்மாவுடையதை நிறுத்தினோம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் சிம்மை முடக்கலாம். அப்புறம் குறைந்தது இன்னொரு 90 நாள் கழித்து நம்பரை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். எங்கள் நம்பரை அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டுப் பார்த்தேன். யாரோ ஒருவர் எடுத்தார். "அண்ணா, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?" என்றேன். "அதையெல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதும்மா" என்று வைத்துவிட்டார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, அவர் செய்ததுதான் சரி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆதாரில் இருக்கிற நம்பரைச் சாக விடாதீர்கள். சிம்மில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நம்பரை வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருக்கிறது. பேக் போடாவிட்டாலும் 20 ரூபாய் டாப்-அப் கிடக்கட்டும். எந்த ரீசார்ஜ் கடையிலும் இதைச் சொல்லவில்லை.

ஆதாரில் நம்பர் மாற்றத் தனியாக ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள், கைரேகை வைத்தால் முடிந்தது. அம்மாவுக்கு அந்தக் கைரேகைதான் விழவில்லை. வருஷக்கணக்கில் சோப்புத் தண்ணீரிலும் சபீனாவிலும் ஊறின விரல், வரி எல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. மெஷினில் இருந்த பெண், "எண்ணெய் தடவிட்டு நாலு நாள் வேலை செய்யாம இருந்துட்டு வாங்கம்மா" என்றார். நாலு நாள் வேலைக்குப் போகாமல் இருந்தால் அந்தச் சம்பளம்? அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்துவிட்டார். டோக்கனுக்காக நான் ஜவுளிக்கடையில் முழுநாள் லீவு போட்டிருந்தேன், அரைநாள் லீவு என்று ஒன்று அங்கே கிடையாது. அந்த ஆத்திரத்தில்தான், "கண்ணை வெச்சுப் பார்க்கலாமே மேடம், அந்த மெஷின் பக்கத்துலதானே இருக்கு?" என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்தார். ஒரே தடவையில் பச்சை விளக்கு! கருவிழியை வைத்தும் ஆள் அடையாளம் பார்க்கலாம். நாமாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் வெறும் கையோடுதான் அனுப்புகிறார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. அஞ்சலக வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதாரில் மொபைல் நம்பர் மாற்றித் தருவார். நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் தபால் நிலையத்தில் விசாரியுங்கள்.

நம்பர் மாறிய பிறகு விண்ணப்பம் போட்டது பெரிய விஷயமில்லை. இ-சேவையில் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு மாறும்.

அடுத்து வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர். அவருக்குப் பக்கத்துக் கிராமம் கூடுதல் பொறுப்பு. நாங்கள் போனால் அவர் அங்கே இருப்பார். ஒருவழியாகப் பிடித்தபோது கேட்டார், "வருஷ வருமானம் எவ்வளவும்மா?" அம்மா என்னைப் பார்த்தார். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது ஒரு பெருக்கல் கணக்கு. அம்மாவுக்கு அப்படி இல்லை. ஒரு வீட்டார் கோடையில் மகளைப் பார்க்க அமெரிக்கா போவார்கள், அந்த மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. இன்னொரு வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறோம், மாதாமாதம் அது கழியும். "நிக்காம வந்தா கணக்குச் சொல்லலாம் சார்" என்றார் அம்மா. "ஏதாவது ஒரு நம்பர் சொல்லணும்மா, சிஸ்டம்ல ஏத்தணும்ல" என்றார் அவர். அப்புறம் தலையாரி வீடு பார்க்க வந்தார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர், "ஃபிரிட்ஜ் எல்லாம் வெச்சிருக்கீங்க" என்றார். அது ஒரு வீட்டில் புதுசு வாங்கியபோது தீபாவளி போனஸுக்குப் பதிலாகக் கழித்துக் கொடுத்தது. பாதி நேரம் துணி மடித்து வைக்கத்தான் பயன்படுகிறது. இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு தாள். எந்த வீடு, மாதம் எவ்வளவு, எந்தெந்த மாதம் வேலை இல்லை என்று வரிசையாக எழுதி, கூட்டி, அம்மாவின் கையெழுத்தோடு கொடுத்தேன். அதைப் பார்த்ததும் வி.ஏ.ஓ.வின் குரலே மாறிவிட்டது. கணக்கு வாய்க்கு வராதவர்கள் இப்படி எழுதிக்கொண்டு போங்கள். சான்று வந்த பிறகு கியூ.ஆர். குறியீடு போட்ட பிரதியை எந்தக் கடையிலும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம், பச்சை மையில் கையெழுத்து வாங்க யாரிடமும் அலைய வேண்டாம்.

கலெக்டர் ஆபீஸில் காப்பீட்டு அட்டைக்கென்று தனி மையம் இருக்கிறது. எனக்கு லீவு கிடைத்தது திங்கட்கிழமை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், மனு கொடுக்க மாவட்டமே திரண்டு வந்து நிற்கும். அம்மா காலை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் தூணில் சாய்ந்து நின்றார். மதியம் வரை நின்ற பிறகு "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க". மறுநாளுக்கு எனக்கு லீவு இல்லை, வேறு நாள் பார்த்துத்தான் போனோம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லையோ, பிழைத்தோம். ஆனால் அந்த பஸ் வரும்வரை நிற்க வேண்டும், நிற்பதுதானே அம்மாவுக்கு வலி. திங்கட்கிழமையைத் தவிர்த்து மற்ற நாளில் போங்கள், காலையிலேயே போங்கள். கூட்டமில்லாத நாளில் போட்டோ எடுத்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டத்தில் சிகிச்சை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று, செலவுக் கவலை விட்டது. அதன் பிறகு அம்மா வீட்டில் இருக்கப்போகும் வாரங்களின் கூலிக்கு மட்டும் எங்கேயும் விண்ணப்பம் கிடையாது. "எப்ப வருவீங்க, இல்ல வேற ஆள் பார்க்கட்டுமா?" என்று ஒரு வீட்டில் இப்போதே கேட்டுவிட்டார்கள். அவர்களாக ஆள் பிடித்துவிட்டால் அந்த வீடு போனதுதான். அதனால் சித்தியை நாங்களே மாற்றாளாக அனுப்பியிருக்கிறோம். சம்பளம் சித்திக்கு, வீடு அம்மாவுக்கு என்று பேச்சு. இதே நிலையில் இருப்பவர்கள் அட்மிஷனுக்கு முன்பே இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்துவிடுங்கள்.